கப் என்றால் எந்தக் கப்?

கேள்வி: ஒரு கப் என்றால் 250 கிராம் என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தண்ணீருக்கு ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். மாவுக்குக் கூடாது.

கேள்வி: அளவுக் கோப்பைத் தொகுப்பு ஒன்று வாங்கினேன். சமையல் குறிப்பில் உள்ளபடி இரண்டு கப் மைதா போட்டும் கேக் ஒவ்வொரு முறையும் கல்லாகிவிடுகிறது. கோப்பையில் குறையா, என் கையில் குறையா?

பதில்: இரண்டிலும் இருக்கலாம், ஆனால் முதல் குற்றவாளி, ‘ஒரு கப்’ என்று எழுதிவிட்டு எந்தக் கப் என்று சொல்லாமல் போகிறவர். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி. அங்கேயே உணவுப் பொட்டலத்தின் சத்து விவரப் பட்டியலில் அது 240 ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டியும் இப்படித்தான்: பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. இத்தனை பேதம் இருக்கும்போது, மில்லிக் கணக்கைப் பொறிக்காமல் ஒரு கோப்பையை ‘அளவு’ என்ற பெயரில் விற்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நானும் அப்படி ஒன்றை வாங்கியவன்தான். பளபளப்பில் மயங்கி வாங்கிய அந்த எஃகுத் தொகுப்பின் கைப்பிடிகளில் ‘ஒரு கப்’, ‘அரை கப்’ என்பவற்றைத் தவிர வேறு எழுத்தே இல்லை. பல மாதங்கள் கழித்துச் சந்தேகம் வந்து, தராசில் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு கப் 221 கிராம் காட்டியது. அரை கப்பை இருமுறை நிரப்பினால் 236. தன் பாதியோடேயே ஒத்துப்போகாத அளவுகோல் அது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, “கப் என்றுதானே போட்டிருக்கிறது, கப்தானே கொடுத்தோம்” என்றார்கள்.

உங்கள் கோப்பையையும் அப்படியே சோதியுங்கள்: தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லி. கோப்பை சரியாக இருந்தால், அடுத்து உங்கள் கையைப் பார்க்க வேண்டும். மாவைக் கரண்டியால் மெல்ல இட்டு மேலே மட்டமாக வழித்தால் ஒரு கப் 120 முதல் 125 கிராம் வரை இருக்கும். டப்பாவுக்குள் கோப்பையை அழுத்தி அள்ளினால் 150 வரை ஏறும். இரண்டு கப்பில் ஐம்பது, அறுபது கிராம் மாவு கூடிவிட்டால் கேக் கல்லாகாமல் என்ன செய்யும்? சர்க்கரை இப்படி அமுங்காது. அதன் ஒரு கப் ஏறத்தாழ 200 கிராம்.

கேள்வி: 10 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் தராசு வாங்கினேன். 3 கிராம் ஈஸ்ட் போட்டால் பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, நீங்கள் படிக்கவில்லை. அதிகபட்ச எடைக்கு அருகிலேயே, குறைந்தது எத்தனை கிராமாக எண் ஏறும் என்பதையும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண்ணைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிட்டால் சிறிய எண் கண்ணில் படாது. ஈஸ்ட்டுக்கு 0.1 கிராம் காட்டும் சிறு தராசு தனியாக வேண்டும். அதுவரை மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டை ஏறத்தாழ 3 கிராம் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: என் தராசில் ‘மில்லி’ என்றொரு பொத்தான் உண்டு. எல்லாத் திரவங்களையும் துல்லியமாக அளக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. 500 மில்லி காட்டும்வரை எண்ணெய் ஊற்றினேன். அதையே அளவுக் குடுவையில் ஊற்றினால் 540-ஐத் தாண்டி நிற்கிறது.

பதில்: உங்கள் குடுவை சொல்வதுதான் உண்மை, உங்களிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். தராசுக்கு எடை மட்டுமே தெரியும். அந்தப் பொத்தான் உள்ளே இருப்பது தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு, கிராம் என்ற எழுத்தை மில்லி என்று மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு மில்லி சுமார் 0.92 கிராம். தேனை ஊற்றியிருந்தால் தவறு எதிர்த்திசையில் இன்னும் மோசமாக இருந்திருக்கும். 500 என்று காட்டும்போது உண்மையில் 350 மில்லி அளவுதான் சேர்ந்திருக்கும். அட்டையின் வாசகத்தையும் குடுவையின் கோட்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். தர மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். தராசு கையிலேயே தங்கிவிட்டால் அந்தப் பொத்தானை மறந்துவிட்டு, 500 மில்லி எண்ணெய்க்கு 460 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் எண்ணெய்ப் புட்டியை, காலிப் புட்டியின் எடையைக் கழித்துவிட்டு நிறுத்தேன். 915 கிராம்தான் இருக்கிறது. புகார் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முந்தைய பதிலிலுள்ள 0.92-ஐ ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கோடு நான் புட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் குரல் உயர்த்தியிருக்கிறேன். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு லிட்டர் குடுவையை எடுத்து, என் கண்ணெதிரே எண்ணெயை ஊற்றிக் காட்டினார். கோட்டில் சரியாக நின்றது.