சலுகைக்கு ஒரு கெடு

அன்புள்ள ஐயா,

அரசு ஒதுங்கிக்கொண்டாலே தொழில் வளரும் என்கிறார்கள் சிலர். அரசு கைதூக்கி விட்டால்தான் உலகச் சந்தையில் நிற்க முடியும் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் தென்கொரியாவைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் தொழில் சங்கம் சலுகை கேட்டு ஒரு மனு தயாரித்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று குழப்பம்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கொரியாவை இரு தரப்பும் பாதிதான் படிக்கிறார்கள். 1960களில் அங்கே வங்கிகளே அரசின் பிடியில்தான் இருந்தன. ஒதுங்கி நின்ற அரசு என்று அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடன் கொடுத்த விதத்தைப் பாருங்கள். வெளிநாட்டு ஆர்டருக்கான எல்.சி.யை (பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) காட்டினால் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது. அதாவது, சரக்கு தேறுமா என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை, காசு கொடுத்து வாங்கும் அயல்நாட்டுக்காரர் முடிவு செய்தார். அதிபர் பார்க் சுங் ஹீ மாதாமாதம் கூட்டம் போட்டு ஏற்றுமதிக் கணக்கைக் கேட்டார். 1964ல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி, 1977ல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. (அந்த ஆட்சி தொழிற்சங்கங்களை நசுக்கியதை நான் மெச்சவில்லை. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.)

இதற்கு நேர் எதிர், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம். 1962ல் பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தத்தில் விலகிக்கொள்ள வழியே வைக்கவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது. 1973ல், வாங்குவதாக இருந்த அமெரிக்க விமான நிறுவனங்கள் பான் ஆம், டிடபிள்யூஏ இரண்டும் கைவிரித்தன. அப்போதும் திட்டம் நிற்கவில்லை. கடைசியில் பயணிகள் சேவைக்கு வந்தவை 14 விமானங்கள்தான், அவையும் அந்த இரு நாட்டு நிறுவனங்களுக்கே போயின. பொறியியலில் ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆள் இல்லை.

சரி, தனியாரை அப்படியே விட்டுவிட்டால் போதுமா? பல நேரம் போதும். பின்னாளில் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்ட சின்ன நிறுவனம், டிரான்சிஸ்டர் உரிமம் வாங்க அந்நியச் செலாவணி கேட்டபோது ஜப்பானிய அமைச்சகம் லேசில் கொடுக்கவில்லை. இவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு. 1955ல் அவர்களுடைய டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்துவிட்டது. அதனால், ஜெயிக்கப்போவது யார் என்று அமைச்சகத்தில் உட்கார்ந்து கணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. துறைமுகம், மின்சாரம், தரச் சோதனைக்கூடம் என்றால் அரசிடம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். அவை போட்டியாளருக்கும் சேர்த்துத்தான் பயன்படும்.

உங்கள் மனுவுக்கு வருகிறேன். சலுகை எந்த ஆண்டோடு முடியும், எந்த இலக்கை எட்டாதவருக்கு அது நிற்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா? இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வரியைச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். சங்கத்தில் யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.