தூங்குகிறவரிடம் எப்படி அனுமதி கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 24. கேமரா வாங்கியதிலிருந்து தெருவில் சுற்றிப் படம் எடுப்பதுதான் பொழுதுபோக்கு. ஒருநாள் விடியற்காலையில், மூடிய கடையின் ஷட்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்தேன். 'வறுமையின் முகம்' என்று தலைப்பு வைத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன், என்னுடைய எந்தப் படத்துக்கும் அவ்வளவு லைக் வந்ததில்லை. ஒரு போட்டியில் இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டது. ஆனால் என் நெருங்கிய நண்பன், "உங்க அப்பா இப்படிப் படுத்திருந்தா எடுத்துப் போடுவியா?" என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து மனசு சரியில்லை. பொது இடத்தில் எடுத்ததுதானே, சட்டப்படி தப்பில்லையே? அனுமதி கேட்டால் படத்தின் இயல்பு போய்விடும். அதிலும் தூங்குகிறவரிடம் எப்படிக் கேட்பது? போட்டியிலிருந்து விலகிவிடவா? படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், விலகிவிடுங்கள். இன்ஸ்டாகிராமிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இறுதிச் சுற்று வரை வந்துவிட்டுத் திரும்புவது கஷ்டம்தான், தெரியும்.

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி, ஆனால் உங்கள் அப்பாவுக்குத் தூங்க ஓர் அறை இருக்கிறது, அதற்குக் கதவு இருக்கிறது, அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதை வீட்டில் நாலு பேரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. தெருவில் படுப்பவருக்கு அந்த ஷட்டர் ஓரம்தான் படுக்கையறை. நீங்கள் அதைப் பொது இடம் என்கிறீர்கள், ஏனென்றால் படத்தை எடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விட முடியும். அவர் எங்கே போவார்? கடைத்தெருவில் நடந்துபோகிற ஒருவரைப் படம் எடுத்தால் அவர் முறைக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், "ஏன்யா எடுக்கிற?" என்று சண்டைக்கு வரலாம். இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாத நிலையில் ஒருவர் இருக்கும்போது எடுக்கிற படம் வேறு வகை. தூங்குகிறவர், போதையில் கிடப்பவர், மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர், அழுதுகொண்டிருப்பவர், குழந்தைகள் எல்லாரும் இதில் வருவார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் தெருவில் போன ஒரு முதியவரை அவருக்குத் தெரியாமல் எடுத்த படத்தை ஃபிலிப் லோர்கா டிகார்சியா என்ற புகைப்படக் கலைஞர் கண்காட்சியில் வைத்து விற்றார். அந்த முதியவர் வழக்குப் போட்டார், 2006-ல் நீதிமன்றம் அதைக் கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தது. கனடாவின் கியூபெக்கில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படம் அனுமதியில்லாமல் பத்திரிகையில் வந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-ல் அந்தப் பெண்ணுக்கு 2,000 டாலர் இழப்பீடு உறுதியானது. எடுத்த விதத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, தீர்ப்புதான் நேர்மாறு. அதனால் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மனசு சரியில்லை என்று எழுதுகிற உங்களுக்கு அது பதில் சொல்லாது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். நல்ல படம், அதை மறுக்கவில்லை, ஷட்டரின் கோடுகளும் அந்த வெளிச்சமும் அருமை. கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார். செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் செருகியிருக்கிறார், யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று. ஒரு துணியை முகத்தின் மேல் போட்டிருக்கிறார், அது தூக்கத்தில் நழுவிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அதாவது, யாரும் பார்க்கக்கூடாது என்று தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்துவிட்டுத்தான் அந்த மனிதர் தூங்கப்போயிருக்கிறார். துணி நழுவிய நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். சரி, 'வறுமையின் முகம்' என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? அவர் இரவுக் காவல் வேலை முடித்துவிட்டுச் சாய்ந்தவராக இருக்கலாம், முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தவராக இருக்கலாம். படத்தைவிட எனக்கு அந்தத் தலைப்புதான் அதிகம் உறுத்துகிறது.

இந்தத் தொழிலில் எல்லாரும் கொண்டாடுகிற படங்களிலும் இதே சிக்கல் உண்டு. 1936-ல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரோதியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார், கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார், இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவர் தோளில் சாய்ந்திருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாங் அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. படம் பத்திரிகையில் வந்து, அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு இடம் போய்விட்டது. உலகத்துக்கே தெரிந்த அந்த முகம் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனுடையது என்பது 1978-ல்தான் வெளியே வந்தது. எடுக்காமலே இருந்திருக்கலாம், எனக்கு அதனால் ஒரு காசு வரவில்லை என்று அவர் சொன்னார். லாங்குக்கும் அதில் பெரிய வருமானம் கிடையாது, அரசு வேலையாக எடுத்த படம் அது. கெட்ட எண்ணம் இருந்ததாகவும் யாரும் சொல்ல முடியாது. நல்ல எண்ணத்தோடு எடுத்தேன் என்று நீங்களும் சொல்லக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன்.

நல்ல எண்ணம் எங்கே வரை கொண்டுபோகும் என்பதற்கு இன்னொன்று. பட்டினியைக் காட்டுகிறேன் என்று ஓர் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் இந்தியக் கிராமங்களில் ஏழைகள் முன்னால் மேசை போட்டு, அதில் பொம்மை உணவுகளை அடுக்கி, பிடித்த சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்தார். 2018-ல், செய்திப் படங்களுக்குப் பரிசு கொடுக்கிற வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராமில் அவை வந்தபோது கிளம்பிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலோர் விருப்பத்தோடுதான் நின்றார்கள் என்று அவர் சொன்னார். ஆகவே சம்மதம் வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய், "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பசியில் இருக்கிறவர் எப்படி மாட்டேன் என்பார்?

இயல்பு போய்விடும் என்கிறீர்கள். போகும், முதல் ஐந்து நிமிடத்துக்கு. சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார், தலையைக் கோதிக்கொள்வார், விறைப்பாக நிற்பார். (அந்த விறைப்பான படத்தையும் எடுங்கள், அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பது அதில்தான் இருக்கும்.) அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், கேமராவை மறந்துவிடுவார். தூங்குகிறவரிடம் கேட்க முடியாதுதான், விழிக்கும் வரை காத்திருக்கலாம். காத்திருக்க நேரமில்லை என்றால் அந்தப் படம் உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். எத்தனையோ நல்ல படங்கள் அப்படிப் போகும்.

இதற்காகத் தெருவில் கேமராவையே தூக்கக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம், மழை, நிழல், பேரம் பேசுகிற கைகள், இதற்கெல்லாம் ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் எளியவரை அடிக்கிறார் என்றால் யாரையும் கேட்காமல் எடுங்கள், அப்போது அந்தப் படம் அடிவாங்குகிறவருக்காக. வெளியிடும்போது அவர் முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். எடுப்பது ஒரு முடிவு, வெளியிடுவது இன்னொரு முடிவு, உங்கள் வயதில் எல்லாரும் இரண்டையும் ஒரே நொடியில் செய்கிறீர்கள். வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்த படங்கள் 1938 முதல் 1941 வரை எடுத்தவை, புத்தகமாக வந்தது 1966-ல். மறைத்து எடுத்ததை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் அந்த இடைவெளியாவது இருந்தது. உங்கள் பெரியவரின் படம் அவர் விழிப்பதற்குள் எத்தனை ஃபோனுக்குப் போயிருக்கும்? சில சமயம் எடுத்த இடத்தின் விவரம்கூடப் படத்தோடு சேர்ந்து போகும். யாரிடமிருந்தாவது ஒளிந்து வாழ்கிறவருக்கு அது ஆபத்து.

இனி செய்யவேண்டியது. படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அதே ஷட்டருக்குப் போங்கள். இருந்தால் காட்டுங்கள், எங்கெல்லாம் போட்டீர்கள், எதற்கு அனுப்பினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். சரி என்றால் தலைப்பையும் அவரிடமே கேளுங்கள், பரிசுப் பணம் எப்போதாவது வந்தால் அதில் பங்கு உண்டு என்றும் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லையென்றால் படம் உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. போட்டி விண்ணப்பங்களில் படத்தில் இருப்பவரின் சம்மதம் பெற்றிருக்கிறேன் என்று ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையதில் இருந்ததா? இருந்து, நீங்கள் டிக் செய்திருந்தால், விலகல் கடிதத்தில் அதையும் எழுதிவிடுங்கள்.