மைதானத்து உறுதி யார் பெயரில்?

கேள்வி: ஐயா, வலிகாமத்தில் எங்கள் ஊர்க் கழகத்துப் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். போன வருடம் மின்னொளியில் நடத்திய சுற்றுப்போட்டி மழையில் குழம்பிப் போனது. மின்னொளிக்காரர், ஒலிபெருக்கிக்காரர், உடுப்பும் சப்பாத்தும் தந்த கடை, வட்டிக்கு எடுத்த காசு எல்லாம் சேர்ந்து இப்போது கழகத்துக்கு 23 இலட்சம் ரூபா கடன். செயலாளர் அண்ணை மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் பரிசுப் பணம் கொடுத்தார். லண்டனில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர், "கடன் முழுவதையும் கட்டுகிறேன், கழகத்தையும் 24 பரப்பு மைதானத்தையும் என் பெயருக்கு எழுதித் தாருங்கள்" என்கிறார். "இங்கிலாந்தில் எல்லாக் கழகமும் முதலாளி கையில்தானே" என்று ஒரு பகுதி சொல்கிறது. "போர்ட்ஸ்மவுத்தில் ரசிகர்களே வாங்கினார்கள், நாங்களும் பங்கு போடுவோம்" என்று மற்றப் பகுதி சொல்கிறது. காணி உறுதி 1971இல் அப்போதைய தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் பெயரில் முடிக்கப்பட்டது. மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள், பொருளாளர் கனடாவில். கழகம் யாருக்குச் சொந்தம்?

பதில்: உங்கள் ஊரில் இரண்டு பகுதியும் "கழகம் யாருக்கு?" என்றே சண்டை பிடிக்கிறது. நான் முதலில் கேட்பது காணி யாருக்கு என்பதை. கழகத்தை விற்கவோ எழுதவோ முடியாது. காணியை எழுதலாம், ஆபத்து அங்கேதான்.

போர்ட்ஸ்மவுத்தையே எடுப்போம். 2010 பெப்ரவரியில் அந்த இங்கிலாந்துக் கழகம் கடனில் மூழ்கி, கடன்பட்ட கம்பனியைச் சட்டப்படி பொறுப்பெடுத்து நடத்தும் நிருவாகியின் கைக்குப் போனது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இருந்தபடி அப்படிப் போன முதற்கழகம் அதுதான். ஒன்பது புள்ளி வெட்டுப்பட்டு, அந்தப் பருவத்திலேயே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. 2012இல் மறுபடியும் அதே நிலை. 2013இல் ரசிகர்களின் நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பு, ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு திரட்டி அதை வாங்கியது. வாங்க முடிந்ததற்குக் காரணம், அங்கே கழகம் ஒரு கம்பனி. கம்பனிக்குப் பங்கு உண்டு, பங்குக்கு உரிமையாளர் உண்டு, கடன் முற்றினால் நிருவாகி வந்து விற்கலாம். 2017இல் அதே ரசிகர்கள் வாக்களித்து ஒரு அமெரிக்க முதலாளிக்கு அதை விற்றதும் பங்கு கையில் இருந்ததால்தான்.

உங்கள் கழகத்துக்குப் பங்கும் இல்லை, பங்குதாரரும் இல்லை. பிரதேச செயலகப் பதிவு போட்டிக்கும் உதவிப் பணத்துக்கும் பயன்படும். அந்தப் பதிவு மட்டும் கழகத்தைச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக்காது. அது யாப்பால் சேர்ந்திருக்கும் அங்கத்தவர்களின் கூட்டம். தலைவர் கையெழுத்து வைத்துக் "கழகத்தைத் தந்தேன்" என்று எழுதினால், அந்தத் தாளில் கைமாற எதுவுமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டிய உதாரணம் இங்கிலாந்தின் இன்னொரு கழகமான டெர்பி. அந்தக் கழகத்து முதலாளி மைதானத்தைக் கழகத்திடமிருந்து பிரித்துத் தன்னுடைய இன்னொரு கம்பனிக்கு விற்றார். 2021 செப்ரெம்பரில் கழகம் நிருவாகியிடம் போனபோது, கழகத்தை வாங்க வந்தவர்களுக்கு மைதானம் தனிப் பேச்சாகிவிட்டது. 2022இல் உள்ளூர் முதலாளி ஒருவர் முதலில் மைதானத்தை வாங்கி, அதன் பிறகே கழகத்தை வாங்க முடிந்தது. மைதானம் கைவிட்டுப் போன கழகம் யாரோ ஒருவரின் நல்ல மனதை நம்பித்தான் விளையாட வேண்டும்.

இனி உங்கள் உறுதி. நீங்கள் கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில் தட்டச்சு மை மங்கிய ஒரு வரி இருக்கிறது: "கழகத்தின் பொருட்டும், பின்வரும் உத்தியோகத்தர் பொருட்டும்". அந்த வரிதான் உங்கள் உயிர்நாடி. அது இருப்பதால் மூவரும் காணியைத் தமக்கென்று வாங்கவில்லை, நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக வைத்திருந்தார்கள் என்று 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வாதிடலாம். காலமானவர்களின் பிள்ளைகள் "அப்பா பெயரில் காணி" என்று வந்தாலும், அப்பாவிடம் அனுபவிக்கும் உரிமை இருக்கவில்லை என்பதே பதில். மாவட்ட நீதிமன்றத்தை நாடிப் புதிய பொறுப்பாளர்களை நியமித்து, காணியை அவர்களுக்கு உரித்தாக்கும் கட்டளை பெறுங்கள். கழகத்தின் பெயரால் வழக்குப் போட முடியாது. அங்கத்தவர் சிலர் எல்லோர் சார்பிலும், நீதிமன்ற அனுமதியோடு, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவின் கீழ் வர வேண்டும்.

லண்டன் அன்பரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இலங்கைக் குடியுரிமை இன்னும் இருக்கிறதா, அல்லது இரட்டைக் குடியுரிமை எடுத்தாரா? பிரித்தானியக் குடியுரிமை மட்டும் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கு இங்கே காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. விதிவிலக்குக்குள் வராத உறுதி செல்லாது. "அப்படியென்றால் மைத்துனர் பெயரில் எழுதுங்கள்" என்று அடுத்து சொல்லக்கூடும். அதற்கு உடன்படவே கூடாது. ஊர்க் காணி ஒன்று இப்படி உறவினர் பெயரில் போய், அவர் பிள்ளைகள் மதில் கட்டியதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணீரோடு வந்தார்கள். என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவருடைய மனதை நான் சந்தேகிக்கவில்லை. சிறுவயதில் ஓடிய நிலத்தின் மேல் உள்ள பாசம் அவருக்கு. அந்தப் பாசத்துக்கு வேறு வழி உண்டு. காசை நன்கொடையாகவோ, எழுத்தில் தவணை போட்ட கடனாகவோ தரட்டும். போசகராக்குங்கள், அரங்குக்கு அவர் தாய் தகப்பன் பெயரை வையுங்கள். நீண்ட காலத்துக்கு, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைப் பதியுங்கள். அதில் பங்கு இல்லை, அங்கத்தவர்கள் இருப்பார்கள். பங்கு போட விரும்பும் பகுதியும் அதில் சந்தாவோடு சேரலாம். காணியை அதன் பெயருக்கு மாற்றுவதா என்பதை நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகு யோசிக்கலாம்.

கடன் பற்றி: கையெழுத்திட்டவர்களும் பிணை நின்றவர்களும்தான் முதலில் மாட்டுவார்கள். கடன் எடுக்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்தது அறிக்கைப் புத்தகத்தில் இருந்தால், கழக நிதியிலிருந்து ஈடு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தப் புத்தகத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். காலாவதிச் சட்டப்படி எழுத்தில் உள்ள கடனுக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று, கடையில் எடுத்த சாமானுக்கு ஒரு வருடம் என்று எல்லை உண்டு. தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். உங்களை நம்பி உடுப்புத் தந்த கடைக்காரரிடம் "நாள் கடந்துவிட்டது" என்று சொல்ல நான் துணை நிற்க மாட்டேன். எல்லோரையும் ஒருநாள் கூப்பிட்டு, மாதம் எவ்வளவு என்று பேசி எழுதுங்கள். முதல் தவணை அந்தச் சங்கிலியை மீட்கட்டும்.

இன்றே செய்ய வேண்டியவை: மூல உறுதியைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைப் பிரதி எடுத்து, யாரும் இரகசியமாக எழுதாதபடி கேவியற் (அந்தக் காணிக்கு உறுதி ஏதும் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிக்கக் கேட்கும் மனு) பதியுங்கள். யாரும் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், வெற்றுத் தாளில் எப்போதுமே வேண்டாம்.

கனடாவில் இருக்கும் பொருளாளருக்கு இந்தக் கிழமையே அழைப்பெடுங்கள். 1971இல் காணி எதற்காக, யாருடைய காசில் வாங்கப்பட்டது, அன்று ஊருக்கு என்ன சொன்னார்கள் என்பதை அவர் சத்தியக்கடதாசியாக எழுதி, அங்குள்ள நொத்தாரிசு முன்னால் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். அந்த மூவரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான்.