‘ஏஜென்சிக்கு மாறச் சம்மதம்’ என்று தாளை நீட்டினால் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2014 முதல் தொகுப்பூதியத்தில் தட்டச்சராக இருக்கிறேன். 89 நாளுக்கு ஒரு முறை ஆணையைப் புதுப்பிப்பார்கள். இப்போது எங்கள் நாற்பது பேரையும் தனியார் ஏஜென்சிக்கு மாற்றுவதாகச் சொல்லி, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒருவர், ஆளுக்கு ஐம்பதாயிரம் கொடுத்தால் நிரந்தர ஆணை வாங்கித் தருகிறேன் என்கிறார். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடும் என்ற பேச்சும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, கையெழுத்தும் போடாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த ஐம்பதாயிரம். பல்கலைக்கழகத்தில் ஒருவர் நிரந்தரமாக வேண்டுமென்றால் அரசு அனுமதித்த பணியிடம் இருக்க வேண்டும், நிதிக்கு ஒப்புதல் வேண்டும், ஆட்சிக்குழு தீர்மானம் போட வேண்டும், அதற்கப்புறம்தான் பதிவாளர் கையெழுத்து. இத்தனை படியையும் தாண்டி ஆணை வாங்கித் தரும் தனி ஆள் எவரும் கிடையாது. இவர்கள் முதலில் வக்கீல் செலவு என்பார்கள். பிறகு கோட்டையில் ஃபைல் நகர வேண்டும் என்பார்கள். கடைசியில் ஒரு ஜெராக்ஸைக் காட்டுவார்கள். அப்படி ஒரு ‘ஆணை’யை ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்தார். வட்ட முத்திரை இருந்தது, பச்சை மைக் கையெழுத்தும் இருந்தது. ‘ஆட்சிக்குழுத் தீர்மான எண்’ என்ற இடத்தில் மட்டும் வெறும் புள்ளிக்கோடு. தாலிச்சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. இன்றுவரை திரும்பவில்லை.

2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கே அதன்மேல்தான் நிற்கிறது.

2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தற்காலிகமாக வேலை பார்த்தவர் என்பதாலேயே எவருக்கும் நிரந்தர உரிமை வந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. ‘பத்து வருஷம் முடிந்துவிட்டது, தானாக நிரந்தரம்’ என்று உங்களிடம் எவராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால் போதும் என்ற கணக்கும் அப்படித்தான். முன்னறிவிப்பும் இழப்பீடும் தராமல் வெளியே அனுப்பக் கூடாது என்பதற்குத்தான் அது உதவும், நிரந்தரமாக்காது.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. நியமனத்தில் குறை இருப்பது வேறு, நியமனமே சட்டவிரோதமாக இருப்பது வேறு. தகுதி இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட காலியிடம் இருக்கிறது, விளம்பரமோ நேர்காணலோ மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அது குறை, அதைச் சரிசெய்யலாம். தகுதியே இல்லாமல், இடமே இல்லாமல், கொல்லைப்புற வழியாக வந்திருந்தால் அது சட்டவிரோதம், அதைக் காப்பாற்ற முடியாது. முதல் வகையில் வந்து, நீதிமன்ற இடைக்கால உத்தரவின் நிழலில் இல்லாமல், தீர்ப்பு வந்த நாளுக்குள் பத்து ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர்களை ஒரு முறை மட்டும் வரன்முறை செய்யலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்றது தீர்ப்பு. நீங்கள் 2014இல் வந்தவர் என்பதால் அந்த ஒருமுறைச் சலுகை உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் குறையா, சட்டவிரோதமா என்ற கேள்வியைத்தான் நீதிமன்றங்கள் இன்றும் கேட்கின்றன. தகுதியும் காலியிடமும் இருந்தால் நீங்கள் இன்று முதல் வகையில் நிற்கிறீர்கள். பணம் கொடுத்துப் பெற்ற ஆணையோடு போனால் நீங்களே உங்களை இரண்டாவது வகைக்குத் தள்ளிக்கொள்கிறீர்கள்.

உமாதேவி தீர்ப்பையே கேடயமாகப் பிடித்து, நிர்வாகங்கள் பல ஆண்டுகள் ஆட்களைக் கசக்கிப் பிழிந்தன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவு வேலை செய்த பெண்களையும் ஒரு தோட்டக்காரரையும் 2018இல் வெளியே அனுப்பியிருந்தார்கள். அவர்களைத் திரும்ப எடுத்து வரன்முறை செய்யச் சொன்னது நீதிமன்றம். நிரந்தரமாகச் செய்ய வேண்டிய வேலையை ஏஜென்சி வழியாகச் செய்விப்பதையும் அந்தத் தீர்ப்பு குறை சொல்கிறது. நிரந்தரம் கிடைக்கும்வரை வேறு வழியில்லை என்றும் நினைக்காதீர்கள். நிரந்தரத் தட்டச்சர் செய்யும் அதே வேலையை நீங்களும் செய்தால், அந்தப் பதவியின் காலமுறை ஊதியத்தில் தொடக்கச் சம்பளத்தையாவது கேட்கலாம். 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது.

இப்போது சம்மதக் கடிதம். ‘நான் பல்கலைக்கழகப் பணியாளர் அல்ல, முந்தைய பணிக்காலத்துக்கு உரிமை கோர மாட்டேன்’ என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கும், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது நான்காவது பத்தியில், நீளமான வாக்கியத்தின் வாலில் இருக்கும். பதினோரு வருடத்தை அழிக்க அந்த ஒரு வரி போதும். ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்று பிரிவுக் கண்காணிப்பாளர் சொல்வார், அவருக்கும் மேலிருந்து அழுத்தம். மதிப்பெண் பட்டியலும் பட்டமளிப்பு வேலையும் வருடம் தவறாமல் நடக்கிற இடத்தில், அதைத் தட்டச்சு செய்கிறவர் மட்டும் பதினோரு வருடமாக எப்படித் தற்காலிகம்? 89 நாளுக்கு ஒரு நாள் பணிமுறிவு என்ற ஏற்பாட்டை எத்தனை காலத்துக்குத்தான் அரசு கண்டுகொள்ளாமல் இருக்கும்? என்னிடம் வந்த ஒருவரின் ஆணைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முறிவு நாள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பதற்கு அவர்களுடைய தாள்களே சாட்சி.

சங்கம் விஷயத்தில் பயம் வேண்டாம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தையும் தொழிலாளர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள், உங்களைப் போன்ற தட்டச்சர்கள் வருவார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும், நிரந்தர உரிமை தராமல் இருப்பதற்காகவே ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பதும் நியாயமற்ற தொழிலாளர் நடைமுறைகள் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. மிரட்டலை வாய்வார்த்தையாக விடாமல் தேதி, நேரம், சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். நிரந்தர ஊழியர் சங்கத்தில் தொகுப்பூதியக்காரர்களுக்கு உறுப்பினர் ஆக இடம் உண்டா என்று அதன் விதியை வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் தனிச் சங்கம் பதியலாம். விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். மொத்த ஊழியரில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். சந்தா கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது தராத சங்கத்துக்கும் அந்த ஐம்பதாயிரம் ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். அனுமதிக்கப்பட்ட தட்டச்சர் பணியிடம் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து எத்தனை காலி, 2014 முதல் உங்கள் நியமன ஆணைகளின் நகல், ஏஜென்சிக்கு மாற்ற முடிவெடுத்த ஆட்சிக்குழுத் தீர்மானத்தின் நகல் ஆகிய நான்கையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

சம்மதக் கடிதத்துக்கு, ‘எனக்குச் சம்மதமில்லை, தற்போதைய பணியிலேயே தொடர விரும்புகிறேன்’ என்று இரண்டே வரியில் பதிவாளருக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நாற்பது பேரும் தனித்தனியாக அனுப்புவது நல்லது. தபால் ரசீதையும் அந்த ஒப்புகையையும் பழைய ஆணைகளோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். உறை வீட்டில் இருக்கட்டும், அலுவலக மேசையில் வேண்டாம்.