கிளப்பில் நீங்கள் போடும் கையெழுத்து

கேள்வி: எனக்கு 46 வயது. சென்னை அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 1,40,000 ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 14% வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி நகரின் பழைய கிளப் ஒன்றில் உறுப்பினரானேன். மாதம் சராசரியாக 31,000 ரூபாய் கிளப் பில் வருகிறது. அதைக் கிரெடிட் கார்டில் கட்டிவந்ததில் 2,40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. என் மனைவியின் அண்ணன் தன் வாடிக்கையாளர்களை அடிக்கடி அங்கே அழைத்து வருகிறார். இப்போது அவரும் உறுப்பினராக விரும்புகிறார்; விண்ணப்பத்தோடு கட்ட வேண்டிய 3 லட்சத்துக்கு என்னை டாப்-அப் கடன் (இருக்கும் கடனின்மேல் கூடுதலாக வாங்குவது) எடுத்துத் தரச் சொல்கிறார். கிளப்பின் பாக்கிதாரர் பட்டியலில் என் பெயர் வந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை. கிளப்பை விட்டு விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். விலகினால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் திரும்பாது. கடனும் அப்படியே நிற்கும். நீங்கள் அனுப்பிய பில்களைப் பிரித்துப் பார்த்தேன். மாதச் சந்தா, மகளின் நீச்சல், உங்கள் பேட்மின்டன், ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சிற்றுண்டி என உங்கள் குடும்பம் செலவழிப்பது ஏறத்தாழ 9,000 ரூபாய்தான். மீதி 22,000 ரூபாய் முழுவதும் உங்கள் மைத்துனரின் மேசையில் செலவானது. இதே நிலை 15 மாதங்களாக நீடித்து, 3,30,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அவர் திருப்பித் தந்தது 1,10,000 என்று உங்கள் குறிப்பேடே சொல்கிறது. ஆக, கார்டில் நிற்கும் பாக்கியில் 2,20,000 ரூபாய் அவருடையது.

இது எப்படி நடக்கிறது என்பது கிளப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். சாப்பாடு முடிந்ததும் பணியாளர் சிறிய தட்டில் பில்லையும் பேனாவையும் வைத்து, வேறு யாரையும் பார்க்காமல் நேராக உங்களிடம் வந்து நிற்கிறார். நீங்கள் உறுப்பினர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். விருந்தினர் பையில் கைவிட்டாலும் அவரிடம் பணம் வாங்க மாட்டார்கள். வெள்ளையர் காலத்துக் கிளப்களிலிருந்து வந்த வழக்கம் இது. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், இந்தியர்களுக்கும் இடம் தந்து 1873இல் தொடங்கிய காஸ்மோபாலிட்டன் கிளப், 1884இல் வந்த ஜிம்கானா என்று இந்த நகரத்தின் கிளப் வாழ்க்கை முழுவதும் உறுப்பினரே விருந்தளிப்பவர் என்ற எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. ஓட்டலாக இருந்தால் பில் வந்ததும் இரண்டு கைகள் நீளும். ஒரு முறை அவர், ஒரு முறை நீங்கள் என்று கணக்கு தானாகச் சரியாகிவிடும். கிளப்பில் ஒரே கைதான் நீள முடியும். "மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் மாப்பிள்ளை" என்று அவர் சொல்வதும், நீங்கள் தலையாட்டுவதும் அங்கிருந்து தொடங்கியவை. உங்களுக்குத் தீங்கு செய்வது கிளப் அல்ல, பிறர் விருந்துக்கு நீங்கள் போடும் அந்தக் கையெழுத்து.

விருந்தினர் முன்னிலையில் கணக்குப் பேசுவது கிளப் பண்பாடு அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். மேசையில் பேச வேண்டாம், சரி. மறுநாள் வீட்டில் பேசலாமே. கிளப்பின் மரபு என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் நாம் தலைவணங்க வேண்டியதும் இல்லை. வேட்டி கட்டி வந்தவரை வாசலிலேயே நிறுத்தியதையும் ஒரு காலத்தில் பண்பாடு என்றுதான் சொன்னார்கள். 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே அப்படி நிறுத்தியபோது, அந்த வழக்கத்துக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. உங்கள் பிரச்சினைக்குச் சட்டம் தேவையில்லை, கிளப்பின் விதிப் புத்தகமே போதும். ஒரே விருந்தினரை மாதத்துக்கு இத்தனை முறைதான் அழைத்து வரலாம் என்ற வரம்பு பல கிளப்களில் உண்டு. செயலாளர் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஸ்மார்ட் கார்டு வசதியோ, கணக்குக்கு மாத உச்சவரம்போ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் 10,000 ரூபாயில் நிறுத்திவிடுங்கள்.

இனி கார்டு. மாதம் 3.6% வட்டி என்று உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறது. 2,40,000 ரூபாய்க்கு வட்டி 8,640. அதன்மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் ஏறத்தாழ 10,200 ரூபாய். உங்கள் குடும்பம் மாதம் முழுவதும் கிளப்பில் அனுபவிப்பதைவிட இது அதிகம்! குறைந்தபட்சத் தொகையாக நீங்கள் கட்டும் 12,000 ரூபாயில் அசலுக்குப் போவது 1,800 மட்டுமே. அதே நேரத்தில், அவசரத்துக்கு என்று 4 லட்சம் ரூபாயை 7% வைப்புத்தொகையில் வைத்திருக்கிறீர்கள். அதில் 2,40,000 ரூபாய்க்கு மாதம் 1,400 ரூபாய் வட்டி வருகிறது. அந்த 1,400 ரூபாயைக் காப்பாற்ற 10,200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே வைப்பை உடைத்துக் கார்டு பாக்கியை முழுவதும் கட்டுங்கள். கைவசம் 1,60,000 இருக்கும். கார்டுக்குக் கட்டிவந்த 12,000 ரூபாயை மாதந்தோறும் வைப்பில் போட்டால் 20 மாதங்களில் பழைய நிலைக்கு வரலாம்; மைத்துனர் பாக்கியைத் தந்தால் இன்னும் சீக்கிரம். ஆனால் கையெழுத்தை நிறுத்தாமல் வைப்பை மட்டும் உடைத்தால், அடுத்த ஆண்டு கார்டிலும் பாக்கி இருக்கும், வைப்பிலும் பணம் இருக்காது.

டாப்-அப் கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களை அதிகம் மயக்கியிருப்பது அதுதான். வங்கிச் செயலியில் ஐந்தே நிமிடத்தில் கிடைக்கும் என்றும், தவணைகூடக் குறைகிறது என்றும் வியந்து எழுதியிருக்கிறீர்கள். குறையத்தான் செய்யும். நுழைவுக் கட்டணம் 10 லட்சம், 18% ஜிஎஸ்டி சேர்த்து 11,80,000 ரூபாய்க்கு ஐந்தாண்டுக் கடன். மாதத் தவணை சுமார் 27,500. இரண்டு ஆண்டுகள் கட்டியபின் இன்று நிற்பது ஏறத்தாழ 8 லட்சம். அதோடு 3 லட்சம் சேர்த்து 11 லட்சத்தைப் புதிதாக ஐந்தாண்டுக்கு எழுதினால், அதே 14% வட்டிக்குத் தவணை 25,600 ஆகும். இப்போதைய கடனில் இனி நீங்கள் கட்ட வேண்டியது 36 தவணைகள், மொத்தம் 9,90,000 ரூபாய். புதிய கடனில் 60 தவணைகள், 15,36,000 ரூபாய். மைத்துனருக்குத் தரும் 3 லட்சத்துக்காக உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 5,46,000 ரூபாய். செயலியின் திரையில் இந்தத் தொகை பெரிய எழுத்தில் வராது. ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் கடன்களை நான் நம்புவதில்லை. அவற்றில் யோசிக்கும் நேரத்தைத்தான் முதலில் பறிக்கிறார்கள்.

உங்கள் சொத்துப் பட்டியலில் "கிளப் உறுப்பினர் உரிமை, இன்றைய மதிப்பு 15 லட்சம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். இன்று புதிதாகச் சேர்பவர் 15 லட்சம் கொடுக்கலாம். நீங்கள் உங்கள் இடத்தை யாருக்கும் விற்க முடியாது. உறுப்பினர் காலமானால் மனைவிக்கு மாற்றித் தரும் விதி பல இடங்களில் உண்டு. பிள்ளைகள் குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும் தனியே விண்ணப்பிக்க வேண்டும், சலுகை கிடைத்தாலும் பணம் கட்டியே ஆக வேண்டும். விற்க முடியாததைச் சொத்து என்று எழுதினால் உங்கள் நிலைமை உங்களுக்கே தவறாகத் தெரியும்.

மைத்துனரிடம் பேசுவதற்கு முன்பு உங்கள் மனைவியிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள். இதுவரை காட்டவில்லை என்று எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. தன் அண்ணன் எவ்வளவு தர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் வீட்டில் சண்டையாகத்தான் முடியும். பிறகு மைத்துனரிடம் நேராகச் சொல்லுங்கள்: "மச்சான், கார்டில் 2,20,000 ரூபாய் உங்கள் கணக்கில் நிற்கிறது. அது தீரும்வரை விருந்தினர் பதிவேட்டில் யார் பெயரையும் எழுத மாட்டேன்." தீர்ந்த பின்பும், மாதம் ஒரு முறை, பணத்தை உங்கள் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட்டு வரட்டும். நல்ல வியாபாரியான அவருக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

அவர் உறுப்பினராவதற்கு நான் எதிரி அல்ல; தன் பணத்தைக் கட்டி, காத்திருப்புப் பட்டியலில் நின்று, குழுவைச் சந்தித்து வரட்டும். ஆனால் முன்மொழிபவராகவோ வழிமொழிபவராகவோ கையெழுத்திட அவர் உங்களிடம்தான் வருவார். இவரை எனக்கு நன்றாகத் தெரியும், கிளப்புக்குரிய கடமைகளை ஒழுங்காக நிறைவேற்றுவார் என்று நீங்கள் உறுதி சொல்வதாகவே அந்தக் கையெழுத்துக்குப் பொருள். உங்களை முன்மொழிந்த பழைய மேலதிகாரி உங்களை நம்பி அப்படித்தான் கையெழுத்திட்டார். மைத்துனர் பாக்கியைத் தீர்த்த மறுநாள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.