ஃப்ரிட்ஜ் மேல் ஒரு சம்மன்

கேள்வி: நான் சென்னையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நாலாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பள்ளத்தூர். ஏழைகளுக்கு இலவசமாகச் சட்டப் பணி செய்ய வேண்டும் என்பது என் கனவு. டெல்லி, பெங்களூரு என்று பல அமைப்புகளுக்கு விண்ணப்பித்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் ஆன்லைனில் கட்டுரை எழுதித் தரச் சொல்கிறார்கள். லிங்க்ட்இன்னில் தோழிகள் போடும் சான்றிதழ்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்திலோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைத் தவிர ஒன்றுமில்லை. இங்கே யாருக்கு இலவச சட்ட உதவி தேவைப்படப் போகிறது? அப்பா, காரைக்குடியில் தன் நண்பரான வக்கீலிடம் போய் உட்காரச் சொல்கிறார். எனக்கு இஷ்டமில்லை. கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா (கணவர் இறந்துவிட்டார்) கோர்ட்டிலிருந்து வந்த ஒரு கவரைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். கொழுந்தனார், வீடு விஷயமாக ஏதோ வழக்குப் போட்டிருக்கிறாராம். "அவுக குடும்பச் சண்டையில நீ தலையிடாத" என்று அம்மா சொன்னதால் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். இப்போது விடுமுறையில் ஊரில்தான் இருக்கிறேன். நல்ல வாய்ப்புகளுக்கு வழிகாட்டுங்கள்.
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்:

அந்தக் கவர் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறதா?

எழுந்து போய் எடு. கரண்ட் பில் அட்டைக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் போயிருக்கும், தேடி எடு. மேல் தாளில் கோர்ட்டின் பெயர் இருக்கும்: காரைக்குடி முன்சீப் கோர்ட்டா, தேவகோட்டை சப் கோர்ட்டா என்று பார். ஓ.எஸ். (சிவில் மூல வழக்கு) என்று போட்டு ஒரு நம்பரும் வருஷமும் இருக்கும். வாதி யார், பிரதிவாதி யார் என்று இருக்கும். அதற்குக் கீழே, இன்ன தேதி ஆஜராக வேண்டும் என்று ஒரு தேதி. அந்தத் தேதியைப் படி. அப்புறம் காலண்டரைப் பார்.

திருவிழா முடிந்து நாளாயிற்று. நீ கடிதம் எழுதி, அது எனக்கு வந்து, இதழ் அச்சாகி உன் கைக்கு வரும்போது இன்னும் சில வாரம் ஓடியிருக்கும். சிவில் வழக்கில் சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 8, விதி 1 சொல்கிறது. நாலாம் வருஷக்காரிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பரீட்சையில் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். அந்த விதி உன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் வந்து உட்கார்ந்தபோதுதான் உனக்கு அடையாளம் தெரியவில்லை.

வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் எழுதுவது எனக்குப் புதிதில்லை. உன் மனசு நல்ல மனசு, கவலைப்படாதே, காலம் வரும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை.  அந்த அக்காவின் விஷயம் உன் கடிதத்தில் போகிற போக்கில்தான் வந்திருக்கிறது. டெல்லிக்கு மூணு வரி, லிங்க்ட்இன்னுக்கு ஒரு வரி. உன்னிடம் வந்து "தாயி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று நின்றவருக்கு, அம்மா சொன்னதால் வைத்துவிட்டேன் என்று ஒரு சமாதானம்.

உன் அம்மாவிடமும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆச்சி, "அவுக குடும்பச் சண்டை" என்று ஒதுக்குகிறீர்களே, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது நாம் எல்லாரும் என்ன சொல்கிறோம்? எங்க வீட்டு மனுஷி மாதிரி என்கிறோம். விருந்தாளி வந்தால் அவர் வைத்த குழம்பை நம் வீட்டுக் குழம்பு என்று பெருமையாகப் பரிமாறுகிறோம். ஒருவர் கையால் வருஷக்கணக்காகச் சாப்பிட்ட வீட்டுக்கு அவர்மேல் ஒரு கடமை உண்டு என்று நம்புகிறவள் நான். சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று அந்தக் கணக்கை முடிக்க முடியாது. கொழுந்தனார் பக்கம் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை நீங்களோ நானோ தீர்க்க வேண்டாம். கோர்ட்டு கூப்பிட்ட நாளில் அவர் அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிற்காவிட்டால் எக்ஸ்பார்ட்டி. எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் ஒருதலையாகத் தீர்ப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட்டு அமீனா வந்து கதவைத் தட்டும்போது நம் வீட்டில் யார் போய்ச் சமாதானம் சொல்வது?

இனி பெண்ணே, உனக்கு.

நீ வக்கீல் இல்லை. அதை முதலில் மனதில் வை. பார் கவுன்சிலில் பதிவாகும் வரை நீ யாருக்காகவும் ஆஜராகக் கூடாது. உரிமையில்லாமல் ஆஜராகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்று வழக்கறிஞர்கள் சட்டம் 45ஆம் பிரிவு சொல்கிறது. பதிலுரையை நீயே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றும் கிளம்பாதே. "கவலைப்படாதீங்க அக்கா, ஜெயிச்சுருவோம்" என்று சொல்லவே சொல்லாதே. அரைகுறையாகப் படித்த பிள்ளை கொடுத்த தைரியத்தில் வாய்தாவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

நீ செய்யக்கூடியது வேறு, அது நிறையவே இருக்கிறது. அடுப்படியில் நின்றபடி இல்லாமல் அவரை உட்காரவைத்து, பிராதின் (கொழுந்தனார் போட்ட வழக்கு மனுவின்) நகலை வரிவரியாகப் படித்துக் காட்டு. கொழுந்தனார் எந்தச் சொத்தைக் கேட்கிறார், எந்தக் காரணம் சொல்கிறார் என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல். வீடு யார் பெயரில் இருந்தது, மாமனார் எப்போது காலமானார், பாகம் பிரித்தார்களா, எழுதிவைத்தார்களா, வாய்ப்பேச்சா என்று கேட்டுத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுது. அவர் அழுதால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திரு. கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பட்டா, ரேஷன் கார்டு என்று வீட்டுப் பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுத்துவரச் சொல்லி நகல் எடு. வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்க அவரோடு போ. வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் நம்பரைப் போட்டால் உன் போனிலேயே காட்டும்.

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு, வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறதோ அந்த வளாகத்தில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போ. இல்லையென்றால் சிவகங்கையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. எங்கே போவது என்று தடுமாறினால் 15100க்குப் போன் போடு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவு எல்லாம் அதில் அடக்கம். பெரிய வீட்டு ஆச்சி போனாலும் கொடுப்பார்கள், சமைக்கிற அக்கா போனாலும் கொடுப்பார்கள். இது அந்த அக்காவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், ஆனால் உன் வாய் திறக்கவில்லை.

"இங்கே யாருக்குத் தேவைப்படப் போகிறது" என்று கேட்டாயே, அதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது. பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்கிறாய். பூட்டின வீட்டின் வளவைக் கூட்டிப் பெருக்குகிறவர் யார்? பின்கட்டிலோ தோட்டத்திலோ இரண்டு தலைமுறையாகக் காவலுக்குக் குடியிருக்கும் குடும்பம் எந்தக் காகிதத்தை நம்பி இருக்கிறது? சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் ஒன்றுகூடி ஒருநாள் வீட்டை விற்கிறார்கள். நிலைக்கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போய்விடும், அந்தக் குடும்பம் எங்கே போகும்? ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுத் தரைக்கல் வார்க்கிறார்களே, நாளெல்லாம் சிமெண்டில் கை ஊறும் அவர்களில் எத்தனை பேர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறாயா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. உன் வீட்டு அக்கா அதில் சேர்ந்திருக்கிறாரா? உங்கள் வீட்டில் ஒருத்தராவது கேட்டீர்களா?

நீ கேட்ட வழிகாட்டலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பி.எல்.வி. என்று சொல்லும் சட்டத் தன்னார்வலராகச் சட்ட மாணவர்களையும் மாவட்ட ஆணைக்குழுக்கள் சேர்த்துக்கொள்கின்றன. பயிற்சி கொடுப்பார்கள், வேலை செய்த நாளுக்கு ஒரு சிறு தொகையும் உண்டு. மக்கள் நீதிமன்றம் கூடும் நாளில் போய்ப் பார். வங்கிக்கடன் வழக்கில் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயி, அந்தப் பக்கம் மேனேஜர், நடுவில் ஒரு தொகை படிப்படியாக இறங்குவதை எந்தக் கட்டுரையும் உனக்குக் காட்டாது. உன் கல்லூரியில் சட்ட உதவி மையம் இருக்கும், பெரும்பாலும் ஒரு போர்டும் ஒரு பூட்டும். அதைத் திறக்கச் சொல்லிக் கேள். மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை, சட்டக் கல்லூரிகளில் ப்ரோ போனோ (கட்டணமில்லாச் சட்டப் பணி) கிளப் நடத்துகிறது. உன் கல்லூரியில் இருக்கிறதா என்று முதல்வர் அலுவலகத்தில் விசாரி. சான்றிதழ் அங்கேயும் கிடைக்கும், போதுமா?

உன் அப்பா சொன்னதை ஏன் அவ்வளவு சுலபமாகத் தள்ளினாய்? பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிப்படி ஐந்தாண்டுப் படிப்பில் மொத்தம் 20 வாரப் பயிற்சி வேண்டும். அதில் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். வக்கீல் அலுவலகத்திலோ சட்ட உதவி அலுவலகத்திலோ கட்சிக்காரரிடம் பேசுவதை இரண்டு தடவை கவனித்து டைரியில் எழுதினால் அதற்குத் தனி மதிப்பெண். காரைக்குடி வக்கீலின் குமாஸ்தா ஒரு வழக்குக் கட்டை எப்படிக் கட்டுகிறார், வாய்தா டைரியை எப்படி எழுதுகிறார் என்பதைப் பார்க்கவே ஒரு மாதம் உட்காரலாம். பெற்றவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை, உன் அம்மா சொன்னதைத்தான் மேலே பார்த்தோமே. ஃபீஸ் கட்டுகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் அதை ஒரு வாரமாவது யோசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலில் விசாரித்துவிடு: அந்த நண்பர் கொழுந்தனார் பக்கம் ஆஜராகிற வக்கீலாக இருந்துவிடப் போகிறார். சின்ன ஊர். அப்படி இருந்தால் இந்த அக்காவின் பேச்சையே அந்த அலுவலகத்தில் எடுக்காதே.

வெளியிலும் எடுக்காதே. இந்த வழக்கைப் பற்றி லிங்க்ட்இன்னில் ஒரு வரி போட்டதாகத் தெரிந்தால், அடுத்த கடிதம் எனக்கு எழுத வேண்டாம்.

தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால் கவரை மறுபடி மறைத்துவைத்துவிடாதே. பயத்தில் பலரும் அதைத்தான் செய்வார்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே வந்திருந்தாலும் அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போடலாம். அதற்கும் தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். அதையெல்லாம் சட்டப் பணிகள் குழு போட்டுத்தரும் வக்கீல் பார்த்துக்கொள்வார். கவர் யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்று அவர் கேட்பார். அப்போது அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் நீயே பதில் சொல்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் போங்கள். ஆட்டோவுக்கு நீ கொடு. ஒருநாள் போனால் வேலை முடியாது, வாய்தாவுக்கு வாய்தா போக வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று அம்மாவிடம் இன்றைக்கே பேசி முடி. அன்றைய சமையலை நீயும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுங்கள்.