பிஎச்டியா, கல்யாணமா? வண்டிப்பெரியாறு வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: மேடம், நான் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். பிஎச்டி செய்ய ஆசை. கம்பத்தில் இருக்கும் மாமா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா, சோத்துக்கு என்ன வழி" என்று மாமா கேட்கிறார். விஞ்ஞானிகளின் வாழ்க்கையைப் படித்தால், ஒன்று வசதியான வீட்டில் பிறந்தவர்களாக இருக்கிறார்கள், இல்லை கல்யாணமே செய்யாதவர்களாக இருக்கிறார்கள். என்னைப் போன்றவளுக்கு இது சரிப்படுமா?

பதில்: முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அதுதான்.

அறிவியல் பிஎச்டிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் கையில் வரும் பணத்துக்கு முன்னால் அது சின்னது. மத்திய அரசின் சிஎஸ்ஐஆர்–யூஜிசி நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து ஒரு மதிப்பீடு வைப்பார்கள்; தேறினால் 42,000. 2023 ஜனவரி முதல் உள்ள தொகை இது. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருடம் வரை தருவார்கள். மாமாவிடம் "அஞ்சு வருஷம் படிப்பு" என்று சொல்வதற்குப் பதில் "அஞ்சு வருஷம் சம்பளத்தோட வேலை" என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் ஒன்றுதான், காதில் விழுகிற விதம் வேறு.

அம்மாவிடம் ஒரு நோட்டில் எழுதியே காட்டுங்கள். விடுதி, மெஸ், கட்டணம், வீட்டுக்கு அனுப்புவது, மிச்சம். நாள்தோறும் கொழுந்து எடை போடும்போது கூடைக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்தவர் அவர். 2015இல் மூணாறில் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தெருவில் உட்கார்ந்து, குறைத்த போனஸைத் திரும்பக் கேட்டவர்களும் இதே கொழுந்து எடுக்கும் பெண்கள்தான். கணக்குப் புரியாதவர்கள் என்று நினைத்து நாம்தான் அவர்களிடம் கணக்கு பேசுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பணம் மாதா மாதம் ஒன்றாம் தேதி வராது. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு தடவை ஏழு மாதம் வரவில்லை. ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை, அவ்வளவுதான் காரணம். மெஸ் நடத்திய அண்ணன் நீல அட்டை நோட்டில் என் பெயருக்குத் தனிப் பக்கம் போட்டிருந்தார். ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்குப் பின் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டே கை கழுவ வேண்டும். சேரும்போது மூன்று மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பணம் புரட்டும் சக்தி இருந்தால் அதை நகைக்குப் போடாமல் இதற்குப் போடச் சொல்லுங்கள்.

சரி, வாழ்க்கை வரலாறுகளுக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அவற்றை வரவு செலவுக் கணக்கு மாதிரி படிக்க வேண்டும்: பணம் யார் கொடுத்தது, எந்தக் கதவு சாத்தியது, சாத்திய பிறகு என்ன செய்தார்கள்.

உங்கள் பக்கத்து ஊரான பீருமேட்டில் 1918இல் பிறந்தவர் வானிலை விஞ்ஞானி அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். உங்களுக்கு மனம் சோர்ந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வைரத்தோட்டை வேண்டாம் என்று சொல்ல, முதலில் யாராவது அதை நீட்ட வேண்டும். வசதியான குடும்பம்தான், ஏலத்தோட்டம் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்குப் பயன்படும் பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு, 1940இல் உதவித்தொகையோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய், சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளி நிறமாலையை ஆராய்ந்தார். (தோடாக வேண்டாம் என்ற வைரம் அங்கே கல்லாக வந்து உட்கார்ந்துகொண்டது.) ஒரு படத்தட்டுக்கு 15, 20 மணி நேரம் ஒளி படவேண்டும், இரவெல்லாம் ஆய்வகத்திலேயே கிடந்திருக்கிறார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள், ஐந்திலும் அவர் பெயர் மட்டும். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி பிஎச்டி தர மறுத்துவிட்டார்கள். கடைசி வரை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். ஆசைப்பட்டது இயற்பியல், கிடைத்த இடமோ வானிலைக் கருவியியல். எடுத்துக்கொண்டார். 1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, கிட்டத்தட்ட 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்ய வைத்தார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இதில் நான் எடுத்துக்கொள்வது இரண்டு. காகிதம் முக்கியம், எந்தத் தகுதிச் சான்று குறைந்தாலும் ஐந்து வருட உழைப்பு போய்விடும். அடுத்தது, முதலில் விரும்பிய தலைப்பு கிடைக்காவிட்டாலும் உதவித்தொகை உள்ள தலைப்பில் நுழைந்துவிடலாம். வளிமண்டல இயற்பியல் என்றால் உங்களுக்குக் கொச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருப்பதி பக்கம் காடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. துகள் இயற்பியல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்யலாமே என்றும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். ராமனையே உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான், 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்து, காலையிலும் மாலையிலும் ஆய்வுக்கூடம், நடுவில் ஆபீஸ் என்று பத்து வருடம் ஓட்டினார். அந்தப் பத்து வருடம் வீட்டில் அடுப்பை யார் பார்த்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வங்கி வேலை, புகுந்த வீடு, ஆராய்ச்சி மூன்றையும் ஒரு பெண் தலையில் வைக்க இந்தக் கதை உதவாது.

கல்யாணம் செய்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மலைக்கு அடிவாரம், எல்லையூரான செங்கோட்டையில் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர் நிகர் ஷாஜி. 1987இல் இஸ்ரோவில் சேர்ந்து, 2023இல் சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். இன்னும் பழைய ஆள் வேண்டுமானால் கமலா சோஹோனி. 1939இல் கேம்பிரிட்ஜில் பிஎச்டி வாங்கி, குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1947இல் கல்யாணம் ஆனதும் குன்னூரை விட்டு மும்பை போனார். அங்கே ஒரு அறிவியல் கல்லூரியில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் ஊர் மாறியபோது எந்த விதியும் துணைக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்டி விதிமுறைகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் இரண்டு வருடம் கூடுதல், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு மொத்தமாக 240 நாள் வரை எடுக்கலாம். உங்கள் விஷயத்தில் முக்கியமானது இது: கல்யாணமோ வேறு காரணமோ, ஒரு பெண் ஆய்வாளர் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துப் போக அனுமதி உண்டு. ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வேலை, பழைய நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ வேறு அமைப்பு நிதி கொடுத்த புராஜெக்டைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது.

இதனால்தான் சொந்த ஜேஆர்எஃப் வாங்குங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன். நெறியாளரின் புராஜெக்ட் பணத்தில் சேர்ந்தால் புராஜெக்ட் முடிந்ததும் சம்பளமும் நிற்கலாம், ஊர் மாறினால் தரவும் கிடைக்காமல் போகலாம். சொந்தமாக வாங்கினால் உங்கள் பேச்சுக்கு ஒரு பலம் இருக்கும். நெட் தேர்வைக் கடைசி வருட மாணவர்களும் எழுதலாம். வழக்கமாக வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டில் தளர்வு உண்டு. வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து வருடச் சலுகை. ஆக, முதல் தடவை போனாலும் தலை போய்விடாது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது? "கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது வாக்குறுதி இல்லை, மரியாதைப் பேச்சு. நீங்களே அந்தப் பையனிடம் நேராகப் பேசுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: கோயம்புத்தூரில் இடம் கிடைத்தால் திருப்பூரிலிருந்து தினமும் நான் ரயிலில் போய்வர உங்கள் வீட்டில் சம்மதமா? கிடைக்காவிட்டால் வேறு ஊர் விடுதியில் இருக்கலாமா? இரவு பத்து மணிக்குச் சோதனை முடிந்தால் யார் என்ன சொல்வார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் தப்பில்லை, யோசிக்கிறார் என்று அர்த்தம். யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றால்தான் எனக்குப் பயம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வரன் பார்ப்பதும் ஒன்றுதான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, கொஞ்சம் பழசான ஜோக். ஆனால் விசாரிக்கும் முறை நிஜமாகவே அதேதான். அவரிடம் கேட்காதீர்கள், அவரிடம் முடித்துப்போன மாணவிகளிடம் கேளுங்கள். எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள், பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் போனில் குரல் மாறும்.

நேர்முகத் தேர்வைப் பற்றி உங்களுக்குள் ஒரு பயம் இருக்கும். தமிழ் மீடியம் என்று நீங்கள் குறிப்பிட்டதிலிருந்தே தெரிகிறது. நானும் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள்தான். மலையாளத்தில் தப்பு செய்தால் சிரிப்பார்கள், ஆங்கிலத்தில் தப்பு செய்தால் பரிதாபப்படுவார்கள்; இரண்டும் பழகிவிடும். சில வருடம் முன்பு நான் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்த ஒரு நேர்முகத்தில், ஒரு பெண் பதில் சொல்ல முடியாமல் திணறினாள். ஈரப்பதத்தை எப்படி அளப்பாய் என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். சட்டென்று எழுந்து போய்க் கரும்பலகையில் இரண்டு வெப்பமானி வரைந்தாள், ஒன்றின் அடியில் துணி சுற்றி. ஈரத்துணி உள்ளதில் அளவு ஏன் குறையும் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிச் சுவரில், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது என்றாள். இரண்டு வெப்பமானிக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டால் கொழுந்து வாடாது, சூடுகாற்று விட வேண்டும், என்று அவளாகவே மேலே சொன்னாள். அதற்குப் பின் அறையில் யாரும் இலக்கணம் பார்க்கவில்லை. உங்கள் அப்பாவின் ஃபேக்டரியிலும் அந்தச் சுவர் இருக்கும், போய்ப் பாருங்கள்.

இன்னும் தயக்கம் இருந்தால் நேராக பிஎச்டியில் குதிக்க வேண்டாம். ஏதாவது ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் வேலை ஒரு வருடம் பாருங்கள். தரவுக்காகச் சேரச் சொல்லவில்லை, ருசி பார்க்கத்தான். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அது பெரிய லாபம். கல்யாணம், குழந்தை என்று சில வருடம் விட்டுப் போனாலும், இடைவெளி விழுந்த பெண்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்–பிஎச்டி திட்டம் இருக்கிறது, 27 முதல் 45 வயது வரை. அதை இரண்டாவது கதவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அதை முதலில் சொல்லிவிடாதீர்கள், அதையே பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக அன்னா மணியின் காகிதப் பாடம். நீங்கள் இட ஒதுக்கீட்டில் வருவீர்கள் என்றால் சாதிச் சான்றிதழை இந்த மாதமே தொடங்குங்கள். எஸ்டேட் குடும்பங்களுக்கு இதில்தான் இழுபறி. பட்டியல் சாதி என்றால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்துக்கு வந்துவிட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். தாத்தா பாட்டியின் பெயர் உள்ள பழைய எஸ்டேட் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, எது கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். பிற்படுத்தப்பட்டோர் என்றால் மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர் எழுத்துகளும் ஆதாரில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடினால் போதும், பிறகு இரண்டு வருடம் அலையலாம். விண்ணப்பம் திறந்த வாரமே போட்டுவிடுங்கள். கடைசி நாளுக்கு வைத்தால், மலையில் மழை பிடித்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும்.